மனநல மருந்துகளால் வரும் மூளைப் பாதிப்பும் மீட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா தூக்கத்துக்காகத் தொடங்கிய குளோனசிபாம் மாத்திரையை ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார், ஒரே வாரத்தில் நிறுத்தினார், அதன் விளைவுகளிலிருந்து மீள அவருக்கு இரண்டரை ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்தில் நான் படித்தறிந்தவற்றையும் மருத்துவர்களிடம் கேட்டறிந்தவற்றையும் தெரிந்த சிலருக்குச் சொன்னேன். அவர்கள் சொல்லி இன்னும் பலர் பேசினார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை என்பதால் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. இதை வைத்து யாரும் தங்கள் மருந்தளவை மாற்ற வேண்டாம். மருத்துவரின் முன் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

மனநல மாத்திரை சாப்பிட்டால் மூளை கெட்டுப்போகும் என்கிறார்களே, அது உண்மையா?

சிலருக்குப் பாதிப்பு ஏற்படுகிறது என்பது உண்மை. எல்லோருக்கும் ஏற்படும் என்பதும், ஏற்பட்டால் தீராது என்பதும் உண்மையல்ல. மூளைப் பாதிப்பு என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு நிலைகளைக் குறிப்பதால்தான் இவ்வளவு குழப்பம். முதல் நிலை, மருந்து நாள்தோறும் வருவதால் நரம்புச் செல்களில் வேதிச் செய்திகளை வாங்கும் ஏற்பிகள் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்வது. ஒரு கதவை வெளியிலிருந்து ஒருவர் விடாமல் தள்ளிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பவர் எதிர்த்துத் தள்ளிப் பழகிவிடுகிறார். வெளியாள் சட்டென்று விலகினால் உள்ளே இருப்பவர் கதவோடு வந்து விழுகிறார். மருந்தைத் திடீரென்று நிறுத்தும்போது உடலில் நடப்பது ஏறக்குறைய இதுதான். இதனால் செல்கள் அழிந்துவிட்டன என்று பொருளல்ல. என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் விவரிப்பது இந்த நிலையைத்தான்.

மற்றொரு நிலை, உடல் அசைவுகளை ஆளும் பகுதிகளில் வரும் கோளாறு. வேறொன்று, மருந்தின் அளவு இரத்தத்தில் எல்லை மீறி நஞ்சாவது. கடைசியாக, மூளையின் கன அளவில் காணப்படும் மாற்றம். 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மக்காக் குரங்குகளுக்கு 17 முதல் 27 மாதங்கள் வரை மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்) நோய்க்கான மருந்துகளான ஹாலோபெரிடால் அல்லது ஓலான்சபின் கொடுத்தபோது அவற்றின் மூளை எடை 8 முதல் 11 விழுக்காடு வரை குறைந்திருந்தது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஓலான்சபின் தொடர்ந்த நோயாளிகளிடம் மூளைப் புறணியின் தடிமன் குறைவதைக் காட்டியது. இவற்றை மறைப்பதில் யாருக்கும் நன்மையில்லை. அதே சமயம், அந்த மருந்துகள் தேவைப்படும் நோய்களிலேயே கன அளவு குறைவதும் உண்டு. ஸ்கேனில் தெரியும் சிறு குறைவை வைத்து ஒருவருடைய நினைவாற்றலையோ எதிர்காலத்தையோ கணித்துவிடவும் முடியாது.

எந்த மாத்திரையால் எந்த மாதிரிப் பாதிப்பு வரும்?

அல்பிரசோலம், லோரசிபாம், குளோனசிபாம், டயசிபாம் ஆகியவை பென்சோடயசிபைன் வகை. இவ்வகையின் முதல் மருந்து 1960-இல் விற்பனைக்கு வந்தது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இவை கூட்டுகின்றன. நாளடைவில் காபா ஏற்பிகள் மந்தமாகின்றன. மருந்து விலகும்போது தூக்கமின்மை, நடுக்கம், ஒளியும் ஒலியும் தாங்காமை, தலை மிதப்பது போன்ற உணர்வு, மறதி, சிலருக்கு வலிப்பு ஆகியவை வருகின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல் இவ்வகை மருந்துகள் அனைத்துக்கும் சார்புநிலையும் (மருந்துக்கு உடல் பழகிப்போவது) விலகலும் (மருந்தைக் குறைக்கும்போதோ நிறுத்தும்போதோ வரும் தொல்லைகள்) குறித்த மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. மனச்சோர்வு மருந்துகளைப் பொறுத்தவரை, பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போல விரைவில் உடலை விட்டு வெளியேறுபவை அதிகத் தொல்லை தருகின்றன. ஃப்ளூவாக்ஸெட்டின் வாரக்கணக்கில் உடலில் தங்குவதால் தானாகவே மெல்ல இறங்குகிறது. தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வு இவ்வகையில் அடிக்கடி சொல்லப்படும் அடையாளம்.

மனப்பிறழ்வு நோய்க்கான மருந்துகள் மூளையின் மற்றொரு வேதிப்பொருளான டோபமைனின் ஏற்பிகளை அடைப்பதால் உடல் விறைப்பு, நடுக்கம், இருப்புக்கொள்ளாமை, வாய், நாக்கு, கைகால்களின் தன்னிச்சையான அசைவு ஆகியவற்றைக் கொண்டுவரலாம். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடும் இதே வேலையைச் செய்யும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மனநிலை ஏற்ற இறக்கத்தைச் சீராக்கத் தரப்படும் லித்தியத்தின் அளவு இரத்தத்தில் எல்லை மீறினால் சிறுமூளை பாதிக்கப்பட்டு நடை தள்ளாடி, பேச்சு குழறலாம். மருந்து நின்ற பிறகும் அது நீடிப்பதுண்டு. காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ஆகியவை லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். வலிப்புக்கும் மனநிலையைச் சீராக்கவும் தரப்படும் வால்ப்ரோவேட்டால் சிலருக்கு மூளை சுருங்கியதைப் போல ஸ்கேனிலேயே தெரிந்து, மறதிநோய் போன்ற நிலை வந்து, மருந்தை நிறுத்திய சில மாதங்களில் இரண்டும் சரியான நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. சுருங்கியதாகத் தெரிவதெல்லாம் அழிந்தது ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

படிக்கவே பயமாக இருக்கிறது. இன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா?

வேண்டாம். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். அக்காவைப் பார்த்த ஒரு மருத்துவர் "இனி இந்த மாத்திரை தேவையில்லை" என்றார். எப்படி நிறுத்துவது என்று அவரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கை நடுக்கத்தில் தண்ணீர்க் குவளையை இரு கைகளாலும் பிடித்துத்தான் குடித்தார். ஜன்னல் திரையை விலக்கினால் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று போர்வைக்குள் சுருண்டுகொண்டார். ஒன்பதாம் நாள் வலிப்பு வந்தது. மருத்துவமனையில் அதே மருந்தை மீண்டும் தொடங்கி, பிறகு பதினான்கு மாதங்களில் படிப்படியாகக் குறைத்தார்கள். ஆறு ஆண்டுகள் மாத்திரை செய்ததைக் காட்டிலும் அந்த ஒரு வாரம் செய்த சேதம் பெரிது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பென்சோடயசிபைனைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் பித்தநிலை (மேனியா எனப்படும் கட்டுக்கடங்காத உற்சாக நிலை) திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. மனப்பிறழ்வு மருந்தான குளோசபினைத் திடீரென்று நிறுத்தினால் மனப்பிறழ்வு முன்பைவிட வேகமாகத் திரும்பலாம். இதற்கு விலக்காக, உடனே நிறுத்த வேண்டிய நிலைகளும் உண்டு. மனப்பிறழ்வு மருந்தோடு கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, மனக்குழப்பம் மூன்றும் சேர்ந்து வருவது, லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி, தள்ளாட்டம், மயக்கம் வருவது, மருந்து தொடங்கியபின் தோலில் கொப்புளத் தடிப்பு தோன்றுவது ஆகியவை அத்தகையவை. அவற்றை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே போக வேண்டும்.

மெதுவாகக் குறைக்க வேண்டும் என்றால், எவ்வளவு மெதுவாக?

ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றாலும், அடிப்படைக் கணக்கு ஒன்று இருக்கிறது. பென்சோடயசிபைனுக்கு, அப்போதைய அளவில் 5 முதல் 10 விழுக்காட்டை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை குறைப்பது என்று தொடங்கி, உடல் எப்படித் தாங்குகிறது என்று பார்த்து அடுத்த படியை முடிவு செய்யலாம் என 2025-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அப்போதைய அளவில் என்ற சொல்லைக் கவனியுங்கள். அளவு குறையக் குறைய, குறைக்கும் அளவும் சிறுத்துக்கொண்டே போக வேண்டும்.

மனச்சோர்வு மருந்துகளில் இதன் காரணம் எண்களிலேயே தெரிகிறது. சிட்டலோபிராம் 20 மி.கி. எடுக்கும்போது மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் செல்லுக்குள் திரும்ப இழுக்கும் கடத்திகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அடைபடுகிறது. அதை 70 விழுக்காட்டுக்குக் கொண்டுவர மருந்தைப் பாதிக்கும் கீழே, சுமார் 9 மி.கி.க்கு, இறக்கலாம். 60 விழுக்காட்டுக்கு 5.4 மி.கி., 50 விழுக்காட்டுக்கு 3.4 மி.கி. ஆக, 20-இலிருந்து 10-க்கு வருவது சிறு படி. 5-இலிருந்து பூஜ்யத்துக்கு வருவது மாடியிலிருந்து குதிப்பது. "பாதியாக்கினேன், ஒன்றும் ஆகவில்லை, கடைசிக் கால் மாத்திரையை விட்டதும் விழுந்துவிட்டேன்" என்று பலர் சொல்வதற்கு இதுவே விளக்கம். லண்டனைச் சேர்ந்த ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 2019-இல் இந்தக் கணக்கை விரிவாக எழுதிய பிறகுதான் மருத்துவ உலகில் இது பரவலாகப் பேசப்பட்டது.

அக்கா முதலில் பிளேடால் மாத்திரையைக் கால் கால் துண்டாக வெட்டினார். நான்கு துண்டும் நான்கு அளவில் வரும். வெட்டும்போது உதிர்ந்த வெள்ளைத் தூளை விரல் நுனியால் ஒற்றி எடுத்து நாக்கில் வைத்துக்கொள்வார். பிறகுதான் மருந்தாளுநரிடம் கேட்டுத் திரவ வடிவத்தையும் ஊசி இல்லாத சிரிஞ்சையும் பயன்படுத்தினோம். திரவ மருந்து கிடைக்கிறதா, மாத்திரையைக் கரைக்கலாமா என்பதை மருந்தாளுநரிடம் கேளுங்கள். மெல்ல மெல்ல வெளியாகும்படி செய்யப்பட்ட நீடித்த மாத்திரைகளை வெட்டவோ பொடிக்கவோ கூடாது.

குறைத்த பிறகு பழைய பதற்றம் திரும்பிவிட்டது. இது நோயா, மருந்து விலகலா?

உறுதியாகச் சொல்வது மருத்துவருக்கே கடினம். ஆயினும் மூன்று அடையாளங்கள் உதவும். ஒன்று, காலம்: குறைத்த சில நாட்களுக்குள் வந்தால் விலகலாக இருக்க வாய்ப்பு அதிகம்; நோய் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்லத் தலைகாட்டும். இரண்டு, புதுமை: முன்பு ஒருபோதும் இல்லாத தலைக்குள் மின்வெட்டு, காதிரைச்சல், தோல் எரிச்சல், ஒளி தாங்காமை போன்றவை பழைய நோயின் அறிகுறிகள் அல்ல. மூன்று, அளவை முந்தைய படிக்கு ஏற்றினால் சில நாட்களில் தணிவது விலகலின் இயல்பு. நோய்க்கு மருந்து வேலை செய்ய வாரங்கள் பிடிக்கும்.

இந்த வேறுபாடு தெரியாமல் "பார்த்தீர்களா, உங்களுக்கு ஆயுள் முழுக்க மருந்து வேண்டும்" என்று முடிவுகட்டப்பட்டவர்கள் பலர். நேர்மாறாக, உண்மையிலேயே திரும்பிய நோயை விலகல் என்று நினைத்துத் தாங்கிக்கொண்டிருந்து பெரும் துன்பத்துக்கு ஆளானவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தவறு. அன்றாடம் இரண்டு வரி எழுதி வைத்திருந்தால், மருந்தளவு எப்போது மாறியது, அறிகுறி எப்போது தொடங்கியது என்பதைத் தேதியோடு காட்டி மருத்துவரிடம் பேச முடியும்.

ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் நார்மல் என்கிறார்கள். அப்படியானால் இது என் கற்பனையா?

இல்லை. எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைப் படமெடுக்கும். ஏற்பிகள் எத்தனை இருக்கின்றன, எவ்வளவு வேலை செய்கின்றன என்பது அதில் தெரியாது. வீணையின் தந்தி இளகியிருப்பதை வீணையின் புகைப்படத்தில் பார்க்க முடியாதல்லவா? முதல் பதிலில் சொன்ன தகவமைப்பு வகைப் பாதிப்பில் ஸ்கேன் சரியாக இருப்பதுதான் எதிர்பார்க்கக் கூடியது, அது நல்ல செய்தியும்கூட.

ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் வேறு காரணங்களை விலக்குவதற்காகத் தேவை. மனச்சோர்வு மருந்துகளால், குறிப்பாக முதியவர்களுக்கு, இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம் வரலாம். தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடுகளும் மறதியையும் சோர்வையும் தரும். வால்ப்ரோவேட் எடுப்பவருக்கு அம்மோனியா அளவையும், லித்தியம் எடுப்பவருக்கு அதன் அளவையும் பார்க்க வேண்டும். எல்லாப் பழியையும் பழைய மாத்திரையின் மேல் போட்டுவிட்டு, எளிதில் தீர்க்கக் கூடிய ஒன்றைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நாளில் சரியாகும்?

பெரும்பாலோருக்கு வாரங்களில் தொடங்கி சில மாதங்களுக்குள் அடங்குகிறது. ஒரு சாராருக்கு ஓராண்டு, இரண்டாண்டு, அரிதாக அதற்கு மேலும் நீள்கிறது. மனச்சோர்வு மருந்துகள் குறித்து 2024-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் அறிகுறி இருந்தது. வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஏறத்தாழ 35 பேரில் ஒருவருக்கே கடுமையாக இருந்தது. ஆனால் அதில் சேர்ந்த ஆய்வுகளில் பல, குறைந்த காலம் மருந்து எடுத்தவர்களைப் பற்றியவை. பத்தாண்டுகள் எடுத்தவருக்கு இதே விகிதத்தை எதிர்பார்க்க முடியாது.

மருந்தினால் வந்த உடல் விறைப்பும் நடுக்கமும், மருந்து நின்ற சில வாரங்கள் முதல் மாதங்களுக்குள் பெரும்பாலும் போய்விடும். ஓராண்டுக்கு மேல் நீடித்தால், உள்ளே ஏற்கெனவே தொடங்கியிருந்த பார்க்கின்சன் நோயை மருந்து வெளிக்காட்டியதா என்று நரம்பியல் மருத்துவர் பார்ப்பார்.

போன வாரம் நன்றாக இருந்தேன். இந்த வாரம் மறுபடியும் ஆரம்பத்துக்கே வந்துவிட்டது. ஏன்?

ஆரம்பத்துக்கே வரவில்லை; அப்படித் தோன்றுகிறது. இந்த மீட்சி நேர்கோட்டில் நடப்பதில்லை. இதை அனுபவித்தவர்கள் நல்ல நாட்களை ஜன்னல் என்றும் கெட்ட நாட்களை அலை என்றும் சொல்கிறார்கள். தூக்கமின்மை, சளிக்காய்ச்சல், மாதவிடாய், மனவருத்தம் போன்ற ஏதாவது ஒன்று அலையை எழுப்பலாம். காரணமே இல்லாமலும் எழலாம்.

அக்காவின் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளுக்கும் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் போடுவோம். ஐந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை, "எனக்குக் கொஞ்சமும் குணமாகவில்லை" என்று அழுதார். பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன். முதல் மாதம் முழுவதும் ஒன்றும் இரண்டுமாக இருந்தது. ஐந்தாம் மாதத்தின் மிக மோசமான நாளே நான்கு. அலைக்குள் இருக்கும்போது மனம் தன் நினைவில் நல்ல நாட்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால்தான் தாளில் இருக்க வேண்டும்.

வாய் தானாக அசைபோடுகிறது, நாக்கு துருத்துகிறது. நிறுத்தினால் போய்விடுமா?

இதற்கு டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர். மனப்பிறழ்வு மருந்துகளை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களுக்கு வருகிறது. 1952-இல் இவ்வகையின் முதல் மருந்தான குளோர்புரோமசின் மனநல மருத்துவத்தில் நுழைந்தது. 1957-லேயே இந்த அசைவுகள் ஜெர்மனியில் விவரிக்கப்பட்டுவிட்டன. மருந்தை நிறுத்தினால் அல்லது குறைத்தால் முதலில் அசைவு கூடலாம்; அதுவரை மருந்தே அதை மூடி வைத்திருந்திருக்கும். சிலருக்கு மாதங்களில் குறைகிறது, சிலருக்கு நிலைத்துவிடுகிறது. விரைவில் கண்டுபிடித்தால் மீள வாய்ப்பு அதிகம். ஆகவே இவ்வகை மருந்து எடுப்பவரின் வாய், விரல், பாதங்களைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மருத்துவர் முறையாகப் பார்க்க வேண்டும். அவர் பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

2017-இல் இதற்கென வால்பெனசின், டியூடெட்ராபெனசின் என்ற இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இவை அசைவைக் குறைக்கின்றன, மூல காரணத்தை நீக்குவதில்லை. அடிப்படையான மனநோய்க்கு மருந்து தவிர்க்க முடியாதது என்றால் குளோசபின் போல அசைவுக் கோளாறு குறைவாக வரும் மருந்துக்கு மாற்றுவதும் உண்டு. நடுக்கத்துக்காக வழக்கமாகத் தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் இந்த அசைவுகளுக்கு உதவாது, கூட்டவும் செய்யலாம், நினைவாற்றலையும் மங்கச் செய்யும். அதுவும் உங்கள் மருந்துச் சீட்டில் இருந்தால் ஏன் தொடர்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி.

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, உடம்பை விட்டே ஓடிவிடலாம் போல இருக்கிறது. செத்துவிடலாமா என்று தோன்றுகிறது.

இந்த இருப்புக்கொள்ளாமைக்கு அகதீசியா என்று பெயர். மருந்து தொடங்கும்போதும், கூட்டும்போதும், குறைக்கும்போதும் வரலாம். வெளியில் பார்ப்பவருக்கு வெறும் பதற்றமாகத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு அது சித்திரவதை. அந்த நேரத்தில் வரும் சாவெண்ணம் உங்கள் குணத்தின் குறை அல்ல, உங்கள் உண்மையான விருப்பமும் அல்ல. அந்த நிலையை உண்டாக்கும் காரணத்தை மாற்றினால் எண்ணமும் விலகும்.

இதைத் தனியாகத் தாங்க முயலாதீர்கள். இப்போதே ஒருவரை அருகில் வரச்சொல்லுங்கள், வீட்டிலுள்ள மருந்துகளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய் "மருந்து மாற்றியதிலிருந்து அகதீசியா போல இருக்கிறது, சாவெண்ணம் வருகிறது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். மருந்தளவைச் சரிசெய்வது, பிரோப்ரனலால் போன்ற மருந்தைச் சேர்ப்பது என்று மருத்துவர்களிடம் வழிகள் இருக்கின்றன. பதற்றம் என்று தவறாகக் கணித்துக் காரணமான மருந்தையே கூட்டிவிடும் ஆபத்து உண்டு என்பதால்தான் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்கிறேன்.

படித்தது மனதில் நிற்பதில்லை. பேசும்போது சொல் வரமாட்டேன் என்கிறது. மூளை திரும்புமா?

நாள்பட்ட பென்சோடயசிபைன் பயன்பாட்டுக்குப் பின் நினைவும் கவனமும் மாதக்கணக்கில் மேம்படுகின்றன. முழுமையாக முன்போல் ஆகாமல் சிறு குறை எஞ்சுபவர்களும் உண்டு. அக்கா செய்தித்தாளின் ஒரே பத்தியை நான்கு முறை படித்துவிட்டு, "யார் யாரிடம் என்ன சொன்னார்கள்?" என்று என்னைக் கேட்பார். எட்டாம் மாதத்தில் ஒரு சிறுகதையை முழுதாகப் படித்து எனக்குச் சொன்னார், இடையில் ஒரு பாத்திரத்தின் பெயரை மட்டும் மறந்துவிட்டார்.

இந்தக் காலத்தில் மூளையைச் சோதித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் தன்னைத்தானே தேர்வெழுத வைப்பது பயத்தைத்தான் வளர்க்கும். பத்து நிமிட வேலை, ஐந்து நிமிட ஓய்வு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நினைவில் வைக்க வேண்டியதைத் தாளில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும். வண்டி ஓட்டுவதும் பெரிய பணமுடிவுகளும் காத்திருக்கலாம். குறை நீடித்தால் நரம்பு உளவியலாளர் ஒருவர் எந்தத் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, தலையில் அடிபட்டவர்களுக்குத் தரும் பயிற்சிகளைப் போன்றவற்றைத் தர முடியும்.

மூளையைச் சரிசெய்யச் சத்து மாத்திரை, மூலிகை ஏதாவது உண்டா?

மருந்தால் வந்த மூளைப் பாதிப்பைத் தீர்ப்பதாக நிரூபிக்கப்பட்ட சத்து மாத்திரை எதுவும் இல்லை. குறைபாடு இருப்பதாகப் பரிசோதனை காட்டினால் அதை ஈடுசெய்யலாம். மூலிகை என்பதாலேயே ஒன்று சாதுவானது ஆகிவிடாது. மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்தான செரட்டோனின் மிகுதியை உண்டாக்கலாம். வேறு பல மருந்துகளின் வீரியத்தையும் குறைத்துவிடும். மது காபா ஏற்பிகளிலேயே வேலை செய்வதால் அதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். காபி பலருக்கு அலையை எழுப்புகிறது.

உடற்பயிற்சி செய்தால் நல்லது என்கிறார்கள். எனக்கோ செய்தால் இரண்டு நாள் படுக்கை.

இரண்டும் உண்மை. முதியவர்கள் ஓராண்டு தொடர்ந்து நடைப்பயிற்சி செய்தபோது, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்ததாக 2011-இல் வந்த ஆய்வு காட்டியது. அவர்கள் மருந்தால் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர், ஆயினும் வளர்ந்த மூளையும் மாறக் கூடியது என்பதற்கு அது சான்று. நரம்பு மண்டலம் கொதிநிலையில் இருக்கும் உங்களுக்கு, மூச்சு வாங்காத ஐந்து நிமிட நடையே தொடக்கம். அடுத்த நாள் மோசமாகவில்லை என்றால் ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

மருத்துவர் "அப்படியெல்லாம் வராது" என்கிறார். என்ன செய்வது?

நீண்ட காலம் பாடநூல்களும் வழிகாட்டுதல்களும் மனச்சோர்வு மருந்து விலகல் லேசானது, ஒரு வாரத்தில் போய்விடும் என்றே சொல்லிவந்தன. அவர் கற்றது அதுவாக இருக்கலாம். பிரிட்டனின் அரச மனநல மருத்துவர் கல்லூரி 2019-இல் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, சிலருக்கு அது கடுமையாகவும் நீண்டதாகவும் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும், அங்குள்ள நைஸ் அமைப்பு 2022-இல் சார்புநிலை உண்டாக்கும் மருந்துகளைக் குறைப்பதற்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. சண்டையிட்டுப் பயனில்லை. ஒரு பக்கத் தாளில் மருந்தின் பெயர், அளவு, மாற்றிய தேதிகள், அறிகுறி தொடங்கிய தேதி ஆகியவற்றை மட்டும் எழுதிக் கொடுத்து, "இதைவிட மெதுவாகக் குறைக்க உதவுவீர்களா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் இன்னொரு மருத்துவரைத் தேடுங்கள். தேடி முடிக்கும்வரை மருந்தை அதே அளவில் தொடருங்கள்.

நிறுத்தி மூன்று மாதம் ஆயிற்று, தாங்க முடியவில்லை. மறுபடியும் தொடங்கலாமா?

நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ என்றால், சிறிய அளவில் மீண்டும் தொடங்கி நிலைப்படுத்திய பின் மெல்லக் குறைப்பது பலருக்கு உதவுகிறது. அக்காவுக்கு நடந்ததும் அதுதான். மாதங்கள் கடந்துவிட்டால் விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலருக்குத் தணிகிறது, சிலருக்கு நரம்பு மண்டலம் இன்னும் கலங்குகிறது. ஆகவே பழைய முழு அளவைத் தானாக விழுங்கிவிடக் கூடாது. நிறுத்துவது, தொடங்குவது, மறுபடி நிறுத்துவது என்று ஊசலாடுவதே மிக மோசமானது. பென்சோடயசிபைனில் ஒவ்வொரு திடீர் விலகலும் அடுத்ததைக் கடுமையாக்கலாம். பதறிய காரியம் சிதறும் என்பது இந்த விஷயத்தில் அப்படியே பொருந்துகிறது.

ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இனி நிரந்தரம்தானா?

ஓராண்டு என்பது எந்த எல்லைக்கோடும் அல்ல. அக்காவுக்குக் கடைசித் துளி மருந்து நின்ற பிறகு பதினாறு மாதங்கள் பிடித்தன, அவற்றில் கடைசி நான்கு மாதங்களில்தான் மாற்றம் பிறர் கண்ணுக்கும் தெரிந்தது. அதே நேரம், நீடிப்பவை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. மேலே சொன்ன வாய் அசைவுகளும் லித்தியத்தால் வந்த தள்ளாட்டமும் சிலருக்கு நிலைத்துவிடுகின்றன. சில மனச்சோர்வு மருந்துகளை நிறுத்திய பிறகும் பாலுறவுக் குறைபாடு நீடிக்கலாம் என்பதை மருந்துக் குறிப்பில் சேர்க்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் கூறியது. வெட்கத்தால் யாரும் கேட்காத இந்தக் கேள்வியை, இரவு நேரத்தில் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் இல்லை.

எனக்கு மனச்சிதைவு நோய். மருந்தை விட முடியாது. அப்படியானால் எனக்கு மீட்சியே இல்லையா?

இருக்கிறது. மீட்சி என்றால் மருந்தே இல்லாத நிலை என்று நினைப்பதுதான் உங்களைப் போன்றவர்களை மிகவும் வதைக்கிறது. நோய் மறுபடி மறுபடி முற்றுவதும் மூளைக்கும் வாழ்க்கைக்கும் பெரிய சேதம். உங்களுக்கான கேள்வி வேறு: இதே பலனைக் குறைந்த அளவில் பெற முடியுமா, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளில் எதையாவது விலக்க முடியுமா, பக்க விளைவு குறைந்த வேறொன்று உண்டா? பல ஆண்டுகளாக யாரும் திரும்பிப் பார்க்காத சீட்டில், எப்போதோ தேவைப்பட்ட தூக்க மாத்திரையும் நடுக்க மாத்திரையும் இன்னும் தங்கியிருப்பது சாதாரணம். அவற்றில் ஒன்றை மெல்ல விலக்கியதிலேயே தலை தெளிந்தவர்களை எனக்குத் தெரியும். நோய் அமைதியாக இருக்கும் காலத்தில், ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும், மருத்துவர் துணையோடு மாற்ற வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

நம்ப வேண்டும். "எல்லாம் மனசுதான், கொஞ்சம் வெளியே போய் வா" என்ற வாக்கியத்தை விட்டுவிட வேண்டும். அலை நாட்களில் சத்தத்தையும் விளக்கையும் குறையுங்கள், கேள்விகளைக் குறையுங்கள், சாப்பாட்டு நேரத்தையும் மருந்து நேரத்தையும் நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். இரண்டு நாள் தட்டுப்பாடும் திடீர் நிறுத்தம்தான்.

நாளைக்கு வேறு நோய்க்கோ அறுவைச் சிகிச்சைக்கோ போக நேர்ந்தால்?

சொல்லாமல் போகாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளோரோகுவினலோன் கிருமிக்கொல்லிகள் காபா ஏற்பிகளைத் தடுக்கக் கூடியவை என்பதால், பென்சோடயசிபைனைக் குறைத்துவருபவருக்கு வேறொன்று தர முடியுமா என்று கேட்கலாம். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடும், மயக்க மருந்துக்கு முன் பென்சோடயசிபைன் வகையைச் சேர்ந்த மிடசோலமும் வழக்கமாகத் தரப்படுபவை. உயிர்காக்கும் நேரத்தில் எதையும் மறுக்க வேண்டியதில்லை. மருத்துவர் அறிந்து தேர்ந்தெடுக்கும்படி செய்தால் போதும்.

அக்காவின் கைப்பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கிறது. எடுத்த மருந்து, எத்தனை ஆண்டுகள், எந்தத் தேதியில் நிறுத்தப்பட்டது, எப்போது வலிப்பு வந்தது, கடைசியாக எடுத்த அளவு, யாரை அழைக்க வேண்டும் ஆகியவை அதில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. போன ஆண்டு பல் பிடுங்கப் போனபோது, நாற்காலியில் சாய்வதற்கு முன் அவரே அதை எடுத்து மருத்துவரிடம் நீட்டினார்.